தம்பியின் வலோரன்டுக்காக என் வேலைக் கொம்பியூட்டரில் வன்கார்ட் போடலாமா?

கோண்டாவில்_கணக்கு:

வணக்கம் எல்லோருக்கும். கேம் விசயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, கேள்வி மொக்கைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறேன். லண்டனில் இருக்கிற சின்னச் சின்னக் கடைகளுக்குச் சம்பளப் பட்டியல், வற் கணக்கு, இப்படி. அங்கே வேலை செய்கிற ஆட்களின் பெயர், விலாசம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் என் மேசைக் கொம்பியூட்டரில்தான் கிடக்கிறது. வீட்டில் நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள ஒரே மெசினும் அதுதான், மாமா கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தவர். தம்பி ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை சும்மா இருக்கிறான். ரொரன்ரோவில் இருக்கிற மச்சான்மாரோடு சேர்ந்து வலோரன்ட் என்ற சுடுகிற கேம் விளையாடவேண்டுமாம், நான் வேலை முடித்து எழும்பினால் போதும், கதிரையில் ஏறிவிடுவான்.

நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து கேமை இறக்கிப் போட்டுவிட்டான். ஆனால் திறந்தால் வன் 9003 என்று ஒரு பிழை வருகிறது, செக்கியூர் பூட் இல்லை என்கிறது. தெரிந்த கடையில் கேட்டால் முழுக்க போமற் பண்ணவேண்டும், கொண்டுவாருங்கள் என்கிறார்கள். அதை விடுங்கள், எனக்குப் பயமாக இருப்பது வேறு விசயம். வலது பக்க மூலையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னம் இருக்கிறது, கேமோடு வந்த வன்கார்ட்டாம், கேமைத் திறக்காவிட்டாலும் இருக்கிறது, கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் அதுதான் வருகிறது. கேட்டால் "அது கள்ள விளையாட்டு விளையாடுகிற ஆட்களைப் பிடிக்கிறது" என்கிறான். என்னுடைய கொம்பியூட்டரில் நான் சம்பளப் பட்டியல் அடிக்கும்போது அதற்கு என்ன வேலை? என் கோப்புகளை அது பார்க்குமா? சீனக் கொம்பனி என்றும் ஒருவர் சொன்னார், உண்மையா? போடலாமா, கழற்றச் சொல்லட்டா?

பனங்காய்ப்பணியாரம்:

அக்கா, பயப்படாதீங்கோ, நானும் வருசக்கணக்காகப் போட்டிருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

அது ஏன் எப்போதும் ஓடுகிறது என்பதற்கு மட்டும் சொல்கிறேன். வலோரன்டில் கள்ளம் செய்கிறவன் சும்மா கெட்டித்தனமாக விளையாடுகிறவன் இல்லை. ஏம்பொட் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது, அது அவனுக்காகக் குறிபார்த்துச் சுடும். வோல்ஹக் என்று இன்னொன்று, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளையும் காட்டும். இவை எல்லாம் முந்தி சாதாரண புரோகிராம்களாக ஓடின, பிடிக்கச் சுகம். பிறகு அவர்கள் விண்டோஸின் அடிமட்டத்துக்கு, அதாவது கேர்னலுக்குள், டிரைவர் என்ற வகைப் புரோகிராமாக இறங்கிவிட்டார்கள். அங்கே இருந்துகொண்டு "நான் இங்கே இல்லை" என்று விண்டோஸையே பொய் சொல்ல வைக்கலாம். பனையில் ஏறி நிற்கிற கள்ளனைக் கீழே நின்று பிடிக்க ஏலுமா? அதனால்தான் வன்கார்ட்டும் ஏறியிருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போதே தொடங்கவேண்டியதும் அதனால்தான், கள்ள டிரைவர் முதலில் ஏறிவிட்டால் பிறகு எதைப் பார்த்தாலும் நம்ப ஏலாது.

சீனக் கதை பாதி உண்மை. கேம் செய்கிற ரயட் அமெரிக்கக் கொம்பனி, லொஸ் ஏஞ்சலிசில் இருக்கிறது. ஆனால் டென்சென்ட் என்ற சீனக் கொம்பனி 2011இல் பெரும்பங்கை வாங்கி 2015இல் மிச்சத்தையும் வாங்கிவிட்டது. அதனால் உங்களுடைய சம்பளப் பட்டியல் பீஜிங்குக்குப் போகும் என்று அர்த்தமில்லை. வன்கார்ட் வந்த 2020இலேயே அதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்கிறவனுக்கு 1 லட்சம் டொலர் வரை தருவதாக ரயட் அறிவித்தது. ஒளிக்க ஏதும் இருந்தால் அப்படிச் சொல்வார்களா?

கிராபிக்ஸ் கார்ட் என்ன மொடல் என்று சொல்லுங்கோ, செற்றிங்ஸ் அனுப்புகிறேன் தம்பிக்கு.

ஸ்ரான்லிவீதி_வயர்:

பணியாரம் தம்பி சொன்ன கள்ளன் கதை சரி, கடைசிப் பந்தி சரியில்லை. ஓட்டைக்குக் காசு அறிவித்தால் ஓட்டை இல்லை என்று ஆகாது. இருக்கலாம் என்று அவர்களுக்கே தெரியும், அதுதான் காசு.

தங்கச்சி, நான் நெற்வேர்க் வேலை செய்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் "கோப்பைப் பார்க்குமா" என்ற கேள்வி. உங்கள் கோப்புகளைப் பார்க்க ஒரு புரோகிராமுக்குக் கேர்னல் தேவையே இல்லை. நீங்கள் விண்டோஸில் உள்நுழைந்த பிறகு ஓடுகிற எந்தச் சாதாரண புரோகிராமும், அது பாட்டுக் கேட்கிற பிளேயராக இருந்தாலும் சரி, உங்கள் டொகியுமென்ட்ஸ் போல்டரை, பிரவுசரில் சேமித்த உள்நுழைவுகளை எல்லாம் வாசிக்கலாம், தடுக்கிறதுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எனவே ரயட் கள்ளமாக உங்கள் எக்செல் கோப்பை எடுக்க நினைத்தால் வன்கார்ட் இல்லாமலே, அந்தக் கேமை வைத்தே எடுக்கலாம். எடுக்கிறார்கள் என்பதற்கு இதுவரை யாரும் ஆதாரம் காட்டியதில்லை. அதனால் "வன்கார்ட் என் கோப்பை வாசிக்கிறதா" என்று பயப்படுவது பயத்தைப் பிழையான இடத்தில் வைக்கிறது.

சரி, அப்படியென்றால் கேர்னலில் இருப்பதால் என்ன கூடுதல்? இரண்டு விசயம். ஒன்று, அங்கே ஒரு பிழை நடந்தால் புரோகிராம் மட்டும் மூடுப்படாது, மெசின் முழுக்க நீலத் திரையில் நிற்கும். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரேயொரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர்கள் விழுந்ததும், விமான நிலையங்களில் சனம் வரிசையில் நின்றதும் ஞாபகம் இருக்கும். அது வன்கார்ட் மாதிரிக் கள்ளம் பிடிக்கிற மென்பொருள் (அன்டிசீட்) இல்லை, ஆனால் இருந்த இடம் அதே இடம். செய்தவர்கள் கெட்டவர்களும் இல்லை.

இரண்டாவது, அந்த டிரைவரை வேறு யாரும் தங்கள் வேலைக்குப் பாவிக்கலாம். இதுதான் எனக்குப் பெரிய விசயம். 2016இல் கெப்கொம் கொம்பனி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குக் கள்ளத்தைத் தடுக்க என்று ஒரு அப்டேட் விட்டது. அதோடு வந்த டிரைவர் என்ன செய்தது தெரியுமா, யார் கூப்பிட்டாலும் அவர்கள் கொடுக்கிற கோடை கேர்னலில் வைத்து ஓட்டிக்கொடுத்தது. அதற்குத் தடையாக இருந்த பிராசசரின் பாதுகாப்பையும் தானே நிற்பாட்டிவிட்டு! சத்தம் வந்ததும் கெதியாகத் திருப்பி எடுத்தார்கள். 2022இல் ஜென்ஷின் இம்பக்ட் என்ற கேமின் அன்டிசீட் டிரைவரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வெயார் கூட்டம் ஒன்று எடுத்து, அதைக் கொண்டே அன்டிவைரசைக் கொன்றுவிட்டு கோப்புகளைப் பூட்டியதை ட்ரென்ட் மைக்ரோ என்ற பாதுகாப்புக் கொம்பனி எழுதியது. அதில் வடிவாகக் கவனிக்கவேண்டியது, தாக்கப்பட்ட மெசினில் ஜென்ஷின் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. டிரைவர் கோப்பு ஒன்றை மட்டும் கொண்டுவந்து போட்டால் போதும், ஒழுங்கான கையொப்பம் இருப்பதால் விண்டோஸ் கதவைத் திறந்துவிடும். ஆகவே நீங்கள் போடாமல் விட்டாலும் அந்த மாதிரித் தாக்குதலிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்கவேண்டாம். அதே நேரம், அப்படிச் செய்ய அவன் முதலே உங்கள் மெசினில் நிர்வாகி அனுமதியோடு உள்ளே வந்திருக்கவேண்டும்.

உள்ளே இருக்கிற ஆளே கள்ளனாக இருந்த கதையும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் ஈஎஸ்ஈஏ என்ற கவுன்டர் ஸ்ட்ரைக் லீக், விளையாடுகிறவர்கள் கட்டாயம் போடவேண்டிய தங்கள் அன்டிசீட் மென்பொருளுக்குள் பிட்கொயின் தோண்டுகிற கோடை வைத்துவிட்டு மாட்டுப்பட்டது. சுமார் 14,000 கொம்பியூட்டர்கள். நியூ ஜேர்சி மாநிலத்தோடு 10 லட்சம் டொலருக்கு ஒத்துத்தீர்க்கவேண்டி வந்தது. எப்படிப் பிடிபட்டது? கேம் விளையாடாத நேரத்திலும் கிராபிக்ஸ் கார்ட் கொதிக்கிறது என்று ஆட்கள் கவனித்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மெசினுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு இடித்தது வன்கார்ட் இல்லை. வன் 9003 விண்டோஸ் 11இல்தான் வருகிறது, அதில்தான் ரயட் செக்கியூர் பூட்டும் (விண்டோஸுக்கு முதல் கண்ட சாமானும் ஏறாமல் தடுக்கிறது) டிபிஎம் 2.0உம் (மெசினுக்குள் இருக்கிற பாதுகாப்புப் பகுதி) கட்டாயம் கேட்கிறது. போமற் பண்ணச் சொல்கிறார்கள் என்றால் உங்கள் விண்டோஸ் பழைய லெகசி முறையில் போடப்பட்டிருக்கவேண்டும். விண்டோஸ் 11 ஒழுங்காகப் போட்டால் அப்படி ஏறாது, யாரோ சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டவர் லைசென்ஸ் காசு வாங்கினாரா? இல்லையென்றால் காசு கட்டாமல் லைசென்ஸ் இருப்பதுபோல் காட்டுகிற அக்டிவேட்டர் ஒன்று ஓட்டியிருப்பார். ஓட்டும்போது விண்டோஸின் அன்டிவைரசான டிபென்டரை நிற்பாட்டியிருப்பார். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு புரோகிராம், முழு நிர்வாகி அனுமதியோடு, அன்டிவைரசை நிற்பாட்டி வைத்துவிட்டு உங்கள் மெசினில் ஓடியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வன்கார்ட் பால்குடி.

இதை ஒருக்கா பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் (R) எழுத்தையும் சேர்த்து அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், வருகிற பட்டியலில் பயோஸ் மோட் என்ற வரியில் என்ன இருக்கிறது?

கீரிமலைக்கேணி:

வயர் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேர்னலில் இல்லாத அன்டிசீட்டும் எட்டிப் பார்க்கும். 2014இல் ஸ்டீம் என்ற கேம் கடையின் வக் அன்டிசீட், நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்கிற டிஎன்எஸ் பதிவைப் பார்க்கிறது என்று பெரிய சண்டை. ஸ்டீமை நடத்துகிற வல்வ் கொம்பனியின் தலைவர் கேப் நியூவெல் தானே வந்து ரெடிற்றில் எழுதினார்: கள்ள மென்பொருள் விற்கிறவர்களின் சேர்வரோடு தொடர்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம், அதுவும் முதலே சந்தேகப்பட்ட மெசின்களில், 570 பேர் பிடிபட்டார்கள், இப்போது அதையும் நிற்பாட்டிவிட்டோம் என்று. அவர் சொன்னதை நம்பலாம், நம்பாமலும் விடலாம். ஆனால் கேட்டதும் வந்து விளக்கம் சொன்னார், அது எல்லாக் கொம்பனியும் செய்கிற வேலை இல்லை.

எனக்கு இதில் பிடிக்காதது என்னவென்றால் தெரிவு என்று ஒன்று இல்லை. ரயட்டின் இன்னொரு கேமான லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் வருசக்கணக்காக வன்கார்ட் இல்லாமல் ஓடியது. 2024 மே மாதம் அதிலும் கட்டாயமாக்கினார்கள். லினக்சில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அத்தோடு வெளியே. மக் காரருக்கு மட்டும் அப்போது வன்கார்ட் வேண்டாமாம்! காசு செலவழித்து கேம் ஆளுக்கு ஸ்கின் (உடுப்பு, தோற்றம்) வாங்கி வைத்திருக்கிறவன் "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால் வாங்கிய சாமானும் போச்சு. டூம் இற்றர்னல் என்ற கேமில் 2020 மேயில் டெனுவோ அன்டிசீட்டைப் போட்டபோது சனம் கிளம்பிக் கத்தி, கிழமை கணக்கில் கழற்றவைத்தார்கள். இப்போது யாரும் அப்படிக் கத்துவதில்லை, பழகிவிட்டது.

பனங்காய்ப்பணியாரம்:

ஓம், கத்தினோம், பிறகு ரேங்க் மட்சில் சுவருக்குள்ளால் சுடுகிறவனிடம் செத்துச் செத்து அலுத்துப்போய் "எதையாவது போட்டுத் தொலையுங்கோ" என்று நாங்களே கேட்டோம். வன்கார்ட் இல்லாத கேம்களில் போய் ஒரு பின்னேரம் விளையாடிப் பாருங்கோ கீரிமலை அண்ணை, பிறகு கதைப்போம். கள்ளமும் இப்போது வேறு லெவல், டிஎம்ஏ கார்ட் என்று ஒன்றை மதர்போர்டில் செருகி, கேமின் நினைவகத்தை இரண்டாவது கொம்பியூட்டருக்கு இழுத்து அதில் படம் பார்க்கிறார்கள். விளையாடுகிற மெசினில் கள்ள மென்பொருள் என்று ஒன்றுமே இருக்காது. டிபிஎம், செக்கியூர் பூட் என்று இவ்வளவு கேட்கிறது சும்மா இல்லை. வலோரன்ட் மட்டுமில்லை, பட்டில்ஃபீல்ட் 6உம் செக்கியூர் பூட் கேட்கிறது. இனி வருகிறது எல்லாம் கேட்கும்.

கேமை மூடிவிட்டு அந்தச் சிவப்புச் சின்னத்தில் வலது கிளிக் பண்ணி எக்சிட் கொடுக்கலாம் அக்கா, அதோடு நிற்கும். திரும்ப விளையாட ரீஸ்டார்ட் பண்ணவேண்டும், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் கேமுக்குக் கைவைக்காமல் அதை மட்டும் அன்இன்ஸ்டோலும் பண்ணலாம்.

கோண்டாவில்_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. வயர் அண்ணா, பார்த்தேன். பயோஸ் மோட் லெகசி என்றுதான் இருக்கிறது. அக்டிவேட்டர் விசயமும் நீங்கள் சொன்னமாதிரித்தான், விண்டோஸ் போட்டுத் தந்தவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், "எல்லோருக்கும் அப்படித்தான் போடுறது மிஸ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி என்ன செய்வது? தம்பி இன்னொரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி அதில் தனக்கு வேறு விண்டோஸ் போடலாம் என்கிறான். அது உண்மையில் வேறாக இருக்குமா, அல்லது என்னைப் பேய்க்காட்டுகிறானா?

ஈஸ்ட்ஹாம்_இடியப்பம்:

தங்கச்சி, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் லண்டனில், உங்களைப் போன்றவர்களிடம் வேலை கொடுக்கிற பக்கம். கேமை ஒரு நிமிசம் மறந்துவிடுங்கள். இங்கே உள்ள கடைக்காரரின் வேலையாட்களுடைய விபரம் உங்களிடம் இருக்கிறது என்றால் அது ஜிடிபிஆர் என்ற பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழே வருகிறது, நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் சரி. தகவல் வெளியே போனால் கடைக்காரர் அதை அறிந்து 72 மணித்தியாலத்துக்குள் இங்குள்ள தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டிவரும். அறிவிக்கும்போது "எப்படிப் போனது" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு "கணக்குப் பார்க்கிற பிள்ளையின் மெசினில் கள்ள விண்டோஸ், அதில் அவவின் தம்பி கேம் விளையாடுகிறவர்" என்று எழுத எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார். அத்தோடு உங்கள் வேலை போய்விடும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று இருக்கவேண்டாம்.

உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருக்கா வாசியுங்கள். "வேலைக்கு மட்டும் பாவிக்கிற கணினி" என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும். இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஸ்ரான்லிவீதி_வயர்:

இடியப்பம் அண்ணை சொன்னதுதான் முதல் வேலை. ஒப்பந்தத்தில் அப்படி வரி இல்லை என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

தம்பி பேய்க்காட்டவில்லை, ஆனால் முழுதும் சொல்லவில்லை. இரண்டு எஸ்எஸ்டியில் இரண்டு விண்டோஸ் இருந்தால், நீங்கள் உங்களுடையதில் உள்நுழையும்போது அவனுடைய வன்கார்ட் ஓடாது. அது அவனுடைய விண்டோஸில் பதிந்தது. அதுவரை நல்லது. ஆனால் அவன் தன்னுடையதில் இருக்கும்போது உங்கள் எஸ்எஸ்டி அந்த மெசினிலேயே செருகுப்பட்டுத்தான் இருக்கும், டி டிரைவோ ஈ டிரைவோ என்று தெரியும், திறந்தால் சம்பளப் பட்டியல் அப்படியே தெரியும். வன்கார்ட் பார்க்காது என்றே வைப்போம், அவன் நாளைக்கு இறக்கப்போகிற கண்ட கண்ட சாமானும் பார்க்காது என்று யார் சொல்வது? அதனால் உங்கள் டிரைவை, விண்டோஸில் டிஸ்கைப் பூட்டுகிற வசதியான பிட்லொக்கரால் பூட்டவேண்டும். பூட்டினால் அவன் பக்கத்திலிருந்து வெறும் குப்பையாகத்தான் தெரியும். வடிவான பிட்லொக்கர் விண்டோஸ் புரோவில்தான் வரும், ஹோமில் இல்லை. எப்படியும் உங்களுக்குக் காசு கொடுத்த லைசென்ஸ் வேண்டும், புரோவாகவே வாங்குங்கள். உழைக்கிற சாமான், அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

கொம்பியூட்டர் கடைக்காரர் போமற் என்றது பற்றி. செக்கியூர் பூட்டுக்காகப் போமற் தேவையில்லை, டிஸ்கை எம்பிஆர் என்ற பழைய முறையிலிருந்து ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, கோப்புகள் அப்படியே நிற்கும். ஆனால் உங்கள் விசயத்தில் நான் போமற் பண்ணத்தான் சொல்வேன், வேறு காரணத்துக்காக. அக்டிவேட்டர் ஓடிய விண்டோஸைத் துடைத்துச் சுத்தமாக்கினேன் என்று யாரும் உத்தரவாதம் தர ஏலாது. மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அதற்கு முதல் வேலைக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் எடுங்கள். கோப்புகளை மட்டும், அந்த மெசினில் இருக்கிற செற்றப் கோப்பு ஒன்றையும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். பிறகு வங்கி, மெயில் கடவுச்சொற்களைப் புது விண்டோஸிலிருந்து மாற்றுங்கள். பழையதில் இருந்து மாற்றினால் மாற்றியதையும் அது பார்க்கும்.

ஒழுங்கு முக்கியம். புது விண்டோஸ் போட முதலே பயோசுக்குள் (விண்டோஸுக்கு முதல் வருகிற மெசினின் செற்றிங்ஸ்) போய், பழைய லெகசி முறைக்கு இடம்கொடுக்கிற சிஎஸ்எம் என்றதை நிற்பாட்டி, டிபிஎம்ஐப் போடுங்கள் (இன்டெல் என்றால் பிடிடி என்று இருக்கும், ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம்). செக்கியூர் பூட்டையும் அப்போதே போடுங்கள். சில மதர்போர்டுகளில் செக்கியூர் பூட் "எனேபிள்ட்" என்று காட்டும், ஆனால் பக்கத்தில் "நொட் அக்டிவ்" என்று இருக்கும். ஃபக்டரி கீஸ் என்றதைத் தெரிவு செய்து ஏற்றினால்தான் வேலை செய்யும். கணக்கப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டுப்பட்டு "என் போர்ட் சரிவராது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். செக்கியூர் பூட் கேமுக்காக மட்டும் இல்லை தங்கச்சி, விண்டோஸுக்கு முதல் ஏறுகிற வைரசைத் தடுக்கிற சாமான் அது, உங்களுக்கும் நல்லது. வலோரன்ட் செய்த ஒரே புண்ணியம் அது.

கடைசியாக, பிட்லொக்கர் போட்டதும் தருகிற 48 இலக்க மீட்புத் திறப்பைக் கடதாசியில் எழுதி அல்மாரியில் வையுங்கள், ஐடென்டிகார்ட் வைக்கிற இடத்தில். பின்னுக்குப் பயோசில் ஏதாவது மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கும். தம்பி பயோசுக்குள் போய்க் கிண்டாமல் இருக்கமாட்டான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இல்லையென்றால் உங்கள் கோப்பை உங்களுக்கும் ஒருவரும் எடுத்துத்தர ஏலாது.

கீரிமலைக்கேணி:

இன்னுமொன்று. அவன் பக்கத்து விண்டோஸில் அவனுக்கு நிர்வாகி கணக்குக் கொடுக்கத்தான் வேண்டிவரும், வன்கார்ட் ஏற்ற அது தேவை. அப்படியென்றால் அதில் நீங்கள் ஒரு தரம்கூட உங்கள் மெயிலைத் திறக்காதீர்கள். "ஒரு நிமிசம்தானே, தம்பியின் விண்டோஸிலேயே பார்த்துவிடுவோம்" என்று தொடங்கினால் இரண்டு டிரைவ் வைத்ததில் பிரயோசனமே இல்லை. பிரவுசரில் கூகிள் கணக்கைச் சேர்த்துவைப்பதும் அதே கதை, இங்கே சேமித்த கடவுச்சொல் அங்கே வந்து நிற்கும்.

மற்றது, தம்பி பொல்லாத பிள்ளையாக இருக்கமாட்டான், ஆனால் தோற்றுத் தோற்று வருகிற ஒரு இரவில் யூடியூப்பில் "வலோரன்ட் ஃப்ரீ ஸ்கின்" என்றோ "ஃப்ரீ ஏம்" என்றோ ஒரு வீடியோ வரும், கீழே ஒரு லிங்க் இருக்கும், "அன்டிவைரசை நிற்பாட்டிவிட்டு ஓட்டவும்" என்று எழுதியிருக்கும். அந்தக் கோப்புகளில் கணக்க, கடவுச்சொல் திருடுகிற சாமான்தான். அதை ஒருக்கா இருத்திவைத்துச் சொல்லுங்கள். ஃப்ரீ ஃபயர் விளையாடுகிற சின்னப் பெடியளுக்கும் இதே தூண்டில்தான் போனில் ஏபிகேயாக வருகிறது, வட்ஸ்அப் குறூப்புகளில் கண்டிருப்பீர்கள்.

பனங்காய்ப்பணியாரம்:

கீரிமலை அண்ணை சொன்னது சரி, அதோடு கள்ளம் பாவித்துப் பிடிபட்டால் கணக்கை மட்டும் இல்லை, மெசினையே தடை பண்ணுவார்கள். அந்தத் தடை மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் மாற்றினாலும் போகாது. பிறகு அக்காவின் கொம்பியூட்டரில் வலோரன்ட் என்ற கதையே இல்லை. இதைச் சொன்னால் தம்பி கேட்பான், கடவுச்சொல் கதை சொன்னால் கேட்கமாட்டான்.

அக்கா, வெயிலுக்கு ஃபான் வேகத்தைக் கூட்டுகிற புரோகிராம் ஏதும் போட்டிருந்தால் சொல்லுங்கோ. 2020இல் வன்கார்ட் வந்த புதிதில் அப்படிப்பட்ட டிரைவர்கள் சிலதைத் தடுத்து, ஆட்களுக்குச் சூடு ஏறிப் பெரிய சத்தம் வந்தது. பிறகு ஓரளவு சரிபண்ணினார்கள், ஆனாலும் ஓட்டை உள்ள பழைய டிரைவர் என்றால் இப்பவும் தடுக்கும்.

கோண்டாவில்_கணக்கு:

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "வேலைக்கு மட்டும்" என்று இல்லை, ஆனால் "மற்றவர்கள் அணுகமுடியாதபடி" என்று ஒரு வரி இருக்கிறது. அதனால் எஸ்எஸ்டி கதையும் விட்டாச்சு. அண்ணாமார் சொன்னது எல்லாம் விளங்கியது, பூட்டலாம், பிரிக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் "அவன் என்ன இறக்கினான், நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்" என்று யோசித்துக்கொண்டு கணக்குப் பார்க்க என்னால் ஏலாது.

இப்படி முடிவு பண்ணியிருக்கிறேன். மேசைக் கொம்பியூட்டரைக் கார்ட்டோடு தம்பியிடமே கொடுக்கிறேன், வேலைக்கு ஒரு லப்டொப் வாங்குகிறேன். கேம் இல்லை என்பதால் பெரிய கார்ட் எல்லாம் தேவையில்லை, மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. அரைவாசிக் காசு அவன் தரவேண்டும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிற காசு இருக்கிறது. முதலில் முகம் கோணினான், மதர்போர்ட் தடை பற்றிச் சொன்னதும் பேசாமல் இருந்தான், பிறகு மெசின் முழுக்கத் தனக்கே என்று விளங்கியதும் சரி என்றுவிட்டான்.

வயர் அண்ணா, இரண்டு கேள்வி. மேசைக் கொம்பியூட்டரைக் கொடுக்க முதல் என் பழைய கோப்புகளை அழித்தால் போதுமா, டிஸ்கையே மாற்றவேண்டுமா? லப்டொப்பில் புரோ இல்லாமல் ஹோம் வந்தால் என்ன செய்வது?

ஸ்ரான்லிவீதி_வயர்:

நல்ல முடிவு, நான் சொன்னதைவிடச் சுகமானது.

டிலீட் பண்ணினால் போதாது. எஸ்எஸ்டி என்றால் பயோசிலோ அல்லது டிஸ்க் செய்த கொம்பனியின் கருவியிலோ செக்கியூர் இரேஸ் என்று இருக்கும், அதைச் செய்துவிட்டு அவனுக்குப் புது விண்டோஸ் போடுங்கள். சுத்துகிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்குச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக்கொடுங்கள். வலோரன்டும் கெதியாக ஏறும், அவனும் சந்தோசப்படுவான்.

ஹோம் வந்தால் மைக்ரோசொப்ட் ஸ்டோரிலேயே காசு கட்டிப் புரோவுக்கு மாற்றலாம், போமற் தேவையில்லை. வாங்கும்போது விண்டோஸ் கொம்பனியிலிருந்தே லைசென்சோடு வந்ததா என்று கேளுங்கள். "டொஸ் மொடல் (விண்டோஸ் இல்லாமல் வருகிறது), நாங்கள் விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.